பதிப்புரிமைப் படிவத்தில் எந்தப் பெட்டியில் டிக் போடுவது? ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கட்டுரை ஏற்கப்பட்டது என்று ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்த சில நாட்களில் இன்னொரு மின்னஞ்சல் வரும். உள்ளே ஒரு படிவம். சந்தா முறையில் (சந்தா கட்டியவர் மட்டும் படிக்கும்படி) வெளியிடுகிறீர்களா, திறந்த அணுக்கத்திலா (யாரும் இலவசமாகப் படிக்கும்படி)? திறந்த அணுக்கம் என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) எனும் பொது உரிமங்களில் எது: சிசி பையா (பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம்), சிசி பை-என்சி-என்டியா (விற்கவும் மாற்றவும் கூடாது)? சீக்கிரம் பதில் தரவும். பிஎச்.டி. மாணவர்களும் கல்லூரி ஆசிரியர்களும் குழம்பிப்போய்க் கேட்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். "காசு கேட்காத பெட்டியில் டிக் போட்டுவிடு" என்பது சீனியர்கள் தரும் வழக்கமான பதில். தப்பான பதில் இல்லை. ஆனால் அந்த டிக்கோடு சேர்ந்து என்னென்ன கைமாறுகிறது என்பதை அது சொல்வதில்லை.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எந்த வழியில் வெளியிடுவது, அதற்கு யார் பணம் கட்டுவது என்பது ஒன்று. வெளியான பிறகு அதை வைத்து மற்றவர்கள் என்ன செய்யலாம் என்பது இன்னொன்று. இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைப்பதெல்லாம் திறந்த உரிமத்தில் வந்தது ஆகிவிடாது. பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாடமியின் 'பிரமாணா' இயற்பியல் இதழை அகாடமியின் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். அதற்காக அதில் வரும் படங்களை எடுத்து யார் வேண்டுமானாலும் புத்தகம் போட்டுவிட முடியாது.

என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைக்காசு போட்டுக் கட்டுரையைத் திறக்க வேண்டாம். அதே சமயம் பூட்டியும் வைக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவே செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. நம் ஊரில் அதிகம் பேர் தொடாத வழியும் அதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

- பணம்: யார் பையிலிருந்து போகிறது? திட்ட நிதியா, நிறுவனமா, உங்கள் உதவித்தொகையா?
- நமக்கு மிஞ்சுவது: நாம் எழுதியதை நாமே ஆய்வேட்டிலும் புத்தகத்திலும் வகுப்பிலும் பயன்படுத்த யாரிடமாவது கேட்க வேண்டுமா?
- படிப்பவர்: பெரிய நிறுவனத்துக்கு வெளியே இருப்பவருக்குக் கட்டுரை கிடைக்குமா?
- மறுபயன்பாடு: அதை மொழிபெயர்க்கலாமா, விற்கலாமா, விக்கிப்பீடியாவில் சேர்க்கலாமா?
- நிபந்தனை: ஆராய்ச்சிக்கு நிதி தந்தவர் ஏதாவது விதி வைத்திருக்கிறாரா?
- மாற்ற முடியுமா: நாளைக்கு மனம் மாறினால் திரும்பி வர வழி உண்டா?

கடைசியில் இருப்பதைத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் திரும்பப் பெற முடியாதவை. இன்று சிசி பை போட்டு வெளியிட்ட பிரதியை அடுத்த வருடம் "இனி இல்லை" என்று பிடுங்கிக்கொள்ள முடியாது.

## சட்டம் என்ன சொல்கிறது

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். வேலையின் பகுதியாக எழுதியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை வேலை கொடுத்தவருக்குப் போகலாம். அரசுப் படைப்பு என்றால் அரசுக்கு. ஆகவே அரசு ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அலுவலக விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. பல்கலைக்கழக ஆசிரியர்களின் கட்டுரைகளுக்கு நிர்வாகம் உரிமை கேட்பது அபூர்வம்.

உரிமையை எழுத்தில், கையெழுத்தோடுதான் மாற்ற முடியும். 19-ஆம் பிரிவில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. மாற்றிக் கொடுக்கும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாடுகளுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். பெரிய பதிப்பாளர்களிடம் இந்த ஓட்டை வேலைக்கு ஆகாது. அவர்கள் படிவத்தில் "உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்று தெளிவாக எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் வெளிநாட்டுச் சட்டத்துக்கும் உட்படுத்தியிருப்பார்கள். "இக்கட்டுரையின் உரிமையை இதழுக்கு அளிக்கிறேன்" என்று ஒரே வரியில் முடியும் உள்ளூர் இதழ்களின் படிவங்களுக்குத்தான் இது பொருந்தும். பத்து வருடத்துக்கு முன் அப்படிக் கொடுத்த கட்டுரைகளை இப்போது தொகுப்பாகப் போட நினைக்கும் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பழைய படிவத்தைத் தேடி எடுத்துப் பார்க்கலாம்.

பதிப்புரிமையின் ஆயுள் இந்தியாவில் எழுதியவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும். இலங்கையில் அதுவே 70. "இது நான் எழுதியது" என்று சொல்லும் உரிமை மட்டும் 57-ஆம் பிரிவின்படி, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த பிறகும், எழுதியவரிடமே இருக்கும்.

## வழி 1: உரிமையைப் பதிப்பாளருக்கு எழுதிக் கொடுத்து, சந்தா இதழில் வெளியிடுவது

பழைய முறை. பெரும்பாலும் பணம் கேட்க மாட்டார்கள். பதிலுக்குப் பதிப்புரிமை முழுவதும் அவர்களுக்கு. சொந்த வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அதே வீட்டில் அனுமதி பெற்றுக் குடியிருப்பது போன்றது இது. குடியிருக்க விடுவார்கள், அதில் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. ஆய்வேட்டில் சேர்க்கலாம், வகுப்பில் கொடுக்கலாம் என்று படிவத்திலேயே சலுகைகள் இருக்கும். அதற்கு வெளியே கால் வைத்தால்தான் சிக்கல். நீங்கள் வரைந்த வரைபடத்தையே வேறொரு பதிப்பகத்தில் வரும் உங்கள் புத்தகத்தில் போட, அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். சில சமயம் கட்டணமும் உண்டு.

மறைந்திருக்கும் இன்னொரு விலை அண்மையில்தான் கண்ணில் பட்டது. டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா, 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டுடன் செயற்கை நுண்ணறிவுக்கான ஓர் ஒப்பந்தத்தை அறிவித்தது. தன்னிடம் உள்ள ஆய்வு உள்ளடக்கத்தைப் பயன்படுத்த விட்டதற்கு முதல் தவணையே ஒரு கோடி டாலருக்கு மேல். எங்களை யாரும் கேட்கவில்லையே என்று எழுதியவர்கள் பலர் கொதித்தார்கள். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகு கேட்க வேண்டிய அவசியம் பதிப்பாளருக்கு இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

படிப்பவர் பக்கம் இந்தியாவில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களுக்கும் திறக்கப்பட்டன. "எல்லோருக்கும்தான் கிடைக்கிறதே, பிறகென்ன திறந்த அணுக்கம்?" என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். தனியார் பொறியியல் கல்லூரி மாணவர், சொந்த க்ளினிக் நடத்தும் மருத்துவர், பத்திரிகையாளர், ஓய்வுபெற்ற பேராசிரியர், யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்து படிப்பவர் ஆகியோர் அந்த "எல்லோரிலும்" இல்லை.

இந்த வழி எப்போது சரி: துறையின் முக்கிய இதழ் இதை மட்டுமே தருகிறது, பதவி உயர்வுக்கு அந்த இதழ் வேண்டும் என்றால். அப்போதும் இதோடு நிறுத்திவிடாமல் அடுத்த வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 2: சந்தா இதழில் வெளியிட்டு, ஏற்கப்பட்ட பிரதியைக் களஞ்சியத்தில் வைப்பது

பச்சை வழி என்பார்கள். நான் முதலில் சொன்ன செலவில்லாத வழி இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாக.

ஒரு கட்டுரைக்கு மூன்று பிரதிகள் உண்டு. மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பும் முன் உள்ள முன்வரைவு ஒன்று. மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்து, இதழாசிரியர் "சரி" என்று ஏற்றுக்கொண்ட வேர்டு கோப்போ லேட்டெக் கோப்போ இரண்டாவது. அதுதான் ஏற்கப்பட்ட பிரதி. பதிப்பாளர் பக்கம் அமைத்து, சின்னம் ஒட்டி வெளியிடும் பிடிஎஃப் மூன்றாவது. உரிமையை முழுதாக எழுதிக் கொடுத்த பிறகும், இரண்டாவது பிரதியை ஒரு களஞ்சியத்தில் (கட்டுரைகளைச் சேமித்து யாரும் படிக்கத் தரும் இணையதளத்தில்) வைக்கப் பெரும்பாலான பெரிய பதிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். உள்ளடக்கம் ஒன்றேதான். பக்க எண்ணும் அலங்காரமும்தான் இருக்காது.

வெளியான பிறகு எத்தனை மாதம் காத்திருந்து வைக்க வேண்டும் என்ற தடைக்காலம் பதிப்பாளருக்குப் பதிப்பாளர் வேறுபடும். சேஜ், எமரால்டு போன்றவை உடனே வைக்க விடுகின்றன. ஸ்பிரிங்கர் இதழ்களில் வழக்கமாக 12 மாதம். எல்சவியரில் நிறுவனக் களஞ்சியத்துக்கு இதழைப் பொறுத்து ஒரு வருடம், இரண்டு வருடம் என்று போகும், ஆனால் உங்கள் சொந்த வலைப்பக்கத்தில் உடனே வைக்கலாம். இதழ்வாரியாகத் தேட, பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் 'ஓப்பன் பாலிசி ஃபைண்டர்' தளம் இருக்கிறது. முன்பு 'ஷெர்பா ரோமியோ' என்ற பெயரில் இருந்தது. இதழின் பெயரைத் தட்டினால் எந்தப் பிரதியை, எங்கே, எத்தனை மாதம் கழித்து வைக்கலாம் என்று காட்டிவிடும்.

களஞ்சியம் என்றால் எது? நிறுவனத்துக்கென்று ஒன்று இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் நடத்தும் ஸெனோடோ இருக்கிறது. இலவசம், கட்டுரையை அடையாளம் காட்டும் நிலையான டிஓஐ எண்ணும் தரும். இயற்பியல், கணிதம், கணினித் துறையினருக்கு 1991 முதல் இருக்கும் ஆர்க்கைவ் போதும்.

ஆய்வாளர்களின் சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட் களஞ்சியம் ஆகாதா என்று கேட்பீர்கள். அங்கே பலர் ஏற்றுவது மூன்றாவது பிரதியை, அதாவது பதிப்பாளரின் பிடிஎஃப்பை. அதற்குத்தான் அனுமதி இல்லை. எல்சவியரும் அமெரிக்க வேதியியல் சங்கமும் 2017-ல் ரிசர்ச்கேட் மீது வழக்குப் போட்டு, 2023-ல்தான் சமரசம் ஆனது. அதன்பின் ஏற்றும்போதே சரிபார்த்து, பொதுவில் வைக்கக்கூடாததைத் தடுக்கும் ஏற்பாடு வந்தது.

நிதி தந்தவரின் நிபந்தனையையும் இந்த வழி பெரும்பாலும் நிறைவேற்றிவிடும். இந்தியாவில் உயிரித்தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் கொண்டுவந்த கொள்கை கேட்பதே ஏற்கப்பட்ட பிரதியைக் களஞ்சியத்தில் வைப்பதைத்தான். பணம் கட்டித் திறக்கச் சொல்லி அது கேட்கவில்லை. "திட்டத்தில் விதி இருக்கிறது, அதனால் பணம் கட்டினேன்" என்று சொல்பவர்கள் அந்த விதியை ஒருமுறை எடுத்துப் படிக்கலாம்.

தடைக்காலத்தையே ஏற்காதவர்கள் ஒரு படி மேலே போகிறார்கள். ஐரோப்பிய நிதி நிறுவனங்களின் கூட்டமைப்பான கொயலிஷன் எஸ் முன்வைத்த உரிமைத் தக்கவைப்பு முறை அது. கட்டுரையை முதன்முதலில் அனுப்பும்போதே, "இதிலிருந்து உருவாகும் ஏற்கப்பட்ட பிரதிக்குச் சிசி பை உரிமத்தை ஏற்கெனவே அளித்திருக்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். ஏற்கப்பட்ட பிறகு சேர்த்தால் பயனில்லை. நிதி நிறுவனத்தின் ஆதரவு பின்னால் இருப்பவருக்கு இது பலம். தனியாக நிற்கும் ஒரு கல்லூரி ஆசிரியர் செய்தால், பின்னால் கையெழுத்திடும் படிவம் அந்த வரியோடு முரண்பட்டு, தகராறைத் தனியே சமாளிக்க வேண்டி வரலாம்.

மறைந்திருக்கும் விலை இங்கே பணம் இல்லை, ஒழுங்கு. அந்த இரண்டாவது பிரதி யாரிடம் இருக்கிறது? ஒரு வருடம் கழித்துத் தேடும்போது 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ரியல் ஃபைனல்' என்று மூன்று கோப்புகள் இருக்கும். எதுவுமே கடைசிப் பிரதியாக இருக்காது. ஏற்றுக்கொண்ட மின்னஞ்சல் வந்த அன்றே தேதி போட்டு எடுத்து வைத்துவிடுங்கள். கூட்டாக எழுதியவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

இந்த வழி எப்போது சரி: பெரும்பாலான நேரங்களில். படங்களும் அட்டவணைகளும் பதிப்பாளரின் வடிவமைப்பில் இருந்தால்தான் புரியும் என்ற அரிய வகைக் கட்டுரைகளும், தடைக்காலம் முடிவதற்குள் பயன் தீர்ந்துபோகும் அவசர மருத்துவச் செய்திகளும் விலக்கு.

## வழி 3: வெளியீட்டுக் கட்டணம் கட்டித் திறப்பது

ஏபிசி (ஆர்ட்டிகிள் பிராசஸிங் சார்ஜ்) என்று ஆய்வாளர்கள் சொல்லும் கட்டணம். உச்சம் எவ்வளவு என்று தெரிய ஓர் உதாரணம் போதும். 'நேச்சர்' இதழ் 2020 நவம்பரில் அறிவித்த தொகை 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாயைத் தாண்டும். 2023 முதல் ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதாவது ஒரு கட்டுரையைத் திறக்கும் செலவு, ஓர் ஆராய்ச்சி மாணவரின் ஏறக்குறைய இரண்டு வருட உதவித்தொகை. எல்லா இதழும் அவ்வளவு கேட்பதில்லை. ஆனாலும் லட்சத்தைத் தொடுவது சாதாரணம்.

"ஏழை நாடுகளுக்குத் தள்ளுபடி உண்டே" என்ற நம்பிக்கை இந்தியாவிலிருந்து எழுதுபவர்களுக்குப் பெரும்பாலும் பலிப்பதில்லை. ஸ்பிரிங்கர் நேச்சர் விதியை எடுத்துக்கொண்டால், கீழ்நடுத்தர வருமான நாடுகளில் மொத்தப் பொருளாதாரம் 20,000 கோடி டாலருக்குக் கீழே இருப்பவற்றுக்கே பாதிக் கட்டணச் சலுகை. இந்தியாவின் பொருளாதாரம் பெரியது, ஆகவே கிடையாது. தனிநபர் வருமானத்தை வைத்துப் பார்த்தால் இது அநியாயமாகத்தான் படுகிறது. அந்த வரம்புக்குள் வரும் இலங்கையிலிருந்து எழுதுபவர்கள் சலுகையைக் கேட்க மறக்கக் கூடாது. அனுப்பும்போதே கேளுங்கள், ஏற்கப்பட்ட பிறகு கேட்டால் பல இதழ்கள் பார்ப்பதில்லை.

சந்தாவும் வாங்கி, தனிக் கட்டுரைக்குக் கட்டணமும் வாங்கும் கலப்பு இதழ்கள் உண்டு. அவற்றுக்குக் கைக்காசு கட்டுவது எனக்கு ஏற்பில்லாத செலவு. அதே இதழில் வழி 2 இலவசமாக இருக்கிறது.

அப்புறம் வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்கள். சில ஆயிரம் ரூபாய், சில நாளில் வெளியீடு, சான்றிதழும் உண்டு என்பவை. இவையும் தங்களைத் திறந்த அணுக்க இதழ் என்றே சொல்லிக்கொள்கின்றன. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் என்ற இதழ்ப் பதிப்புக் குழுமத்துக்கு எதிராக 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கு மேல் செலுத்தச் சொன்னது. கட்டணத்தை மறைத்ததும், மதிப்பீடு நடந்ததாகப் பொய் சொன்னதும் அங்கே குற்றச்சாட்டுகள். தரமான இதழ்கள் எவை என்று காட்ட யுஜிசி 2018-ல் தொடங்கிய கேர் பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டுவிட்டது. ஆகவே இதழைச் சோதிக்கும் பொறுப்பு இப்போது நம் தலையில். இதில் இன்னொரு விஷயம்: 2022-ஆம் ஆண்டின் யுஜிசி பிஎச்.டி. விதிகளில், ஆய்வேடு தருவதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நாடளாவிய கட்டாயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கலாம், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாத கட்டாயத்துக்குப் பயந்து போலி இதழுக்குப் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வழி எப்போது சரி: திட்ட நிதியில் இதற்கென்று தனித் தொகை இருந்தால். வெளிநாட்டுக் கூட்டாளியின் பல்கலைக்கழக ஒப்பந்தம் கட்டணத்தை ஏற்றால். வெல்கம் டிரஸ்ட் போல, வெளியான கையோடு சிசி பை வேண்டும் என்று நிதி தந்தவர் கேட்டு, பச்சை வழியில் அது கிடைக்காவிட்டால்.

## வழி 4: யாரிடமும் கட்டணம் வாங்காத திறந்த இதழ்

எழுதுபவரும் கட்ட வேண்டாம், படிப்பவரும் கட்ட வேண்டாம். பல்கலைக்கழகமோ, சங்கமோ, அரசோ செலவை ஏற்கும். வைரம் என்று பெயர். உயர் ஆற்றல் இயற்பியலில் செர்ன் ஒருங்கிணைக்கும் ஸ்கோப்3 ஏற்பாட்டால், எந்த நாட்டவரும் பைசா கட்டாமல் அத்துறையின் முன்னணி இதழ்களில் சிசி பை உரிமத்தில் வெளியிடுகிறார்கள். இலங்கையின் பல இதழ்கள் எஸ்எல்ஜேஓஎல் தளத்தில் திறந்தே இருக்கின்றன. உங்கள் துறையில் என்ன இருக்கிறது என்று, திறந்த அணுக்க இதழ்களைத் தொகுத்திருக்கும் டிஓஏஜே பட்டியலில், "கட்டணம் இல்லை" என்று வடிகட்டித் தேடலாம். எந்த உரிமம், பதிப்புரிமை யாரிடம் என்பதையும் அங்கேயே காட்டும்.

குறை என்றால், இப்படிப்பட்ட இதழ்கள் பலவற்றை இரண்டு மூன்று பேர் ஓய்வு நேரத்தில் நடத்துகிறார்கள். தாமதம் ஆகும். தளமே ஒருநாள் காணாமல் போகலாம். அதனால் பிரதியை வேறொரு களஞ்சியத்திலும் வைத்துவிடுங்கள்.

இந்த வழி எப்போது சரி: மதிப்புள்ள இதழ் ஒன்று உங்கள் துறையில் இருந்தால் எப்போதும்.

## நான்கு வழிகளும் ஒரே பார்வையில்

| | 1. சந்தா மட்டும் | 2. சந்தாவோடு களஞ்சியம் | 3. கட்டணம் கட்டித் திறப்பது | 4. கட்டணமில்லாத் திறந்த இதழ் |
|---|---|---|---|---|
| உங்கள் செலவு | பெரும்பாலும் இல்லை | இல்லை | அதிகம் | இல்லை |
| பதிப்புரிமை | பதிப்பாளரிடம் | பெரும்பாலும் பதிப்பாளரிடம் | பெரும்பாலும் உங்களிடம் | இதழைப் பொறுத்தது |
| யார் படிக்கலாம் | சந்தா உள்ளவர் | எல்லோரும், சில சமயம் தாமதமாக | எல்லோரும், உடனே | எல்லோரும், உடனே |
| மறைந்திருக்கும் விலை | சொந்தப் படத்துக்கே அனுமதி | பிரதியைப் பாதுகாக்கும் வேலை | தவறிப்போகும் சலுகை, போலி இதழ் ஆபத்து | தாமதம், நிலைத்தன்மை |

## இனி உரிமம்: எந்த எழுத்து எதைத் தடுக்கும்

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002-ல் வந்தன. இப்போது புழக்கத்தில் இருப்பது 2013-ல் வந்த 4.0 பதிப்பு. எல்லாவற்றிலும் உங்கள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். வேறுபாடு மற்ற எழுத்துகளில்.

| உரிமம் | மொழிபெயர்த்து வெளியிடலாமா | விற்பனைக்குப் பயன்படுத்தலாமா | விக்கிப்பீடியாவில் சேருமா |
|---|---|---|---|
| சிசி பை | ஆம் | ஆம் | ஆம் |
| சிசி பை-எஸ்ஏ | ஆம், அதே உரிமத்தில் | ஆம், அதே நிபந்தனையில் | ஆம் |
| சிசி பை-என்சி | ஆம், வணிக நோக்கம் இல்லாமல் | இல்லை | இல்லை |
| சிசி பை-என்சி-என்டி | இல்லை | இல்லை | இல்லை |

கீழே இருக்கும் வரியைத்தான் பலர் "பாதுகாப்பாக இருக்கட்டும்" என்று தேர்ந்தெடுக்கிறார்கள். என்டி என்றால் மாற்றி வெளியிடக் கூடாது. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். டெல்டா மாவட்ட நிலத்தடி நீரைப் பற்றி நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை ஒரு விவசாய சங்கம் தமிழில் போட்டு, இலவசமாகக் கொடுக்க நினைத்தாலும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வரைபடத்தில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களைத் தமிழாக்கி வெளியிடுவதும் அப்படியே. தமிழில் அறிவியல் போதவில்லை என்று மேடைகளில் வருந்துகிறோம். படிவத்தில் என்டியை டிக் செய்கிறோம்.

என்சி விஷயமும் தோன்றுகிற அளவு எளிதல்ல. "என் உழைப்பை வைத்து யாரும் சம்பாதிக்கக் கூடாது" என்பது நியாயமான உணர்வு. சிசி பையில் வந்த கட்டுரைகளைத் தொகுத்துப் பெருவிலைக்குப் புத்தகமாக விற்ற பதிப்பகங்கள் உண்டு. மூலத்தைச் சரியாகக் காட்டியிருந்தால் சட்டப்படி அது சரியே. ஆனால் என்சி தடுப்பது அவர்களை மட்டும் அல்ல. இருபது ரூபாய் விலை வைத்துச் சிற்றிதழ் நடத்துபவரும், கட்டணம் வாங்கும் பயிற்சி மையமும் அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும். இன்னும் ஒன்று: சில பெரிய பதிப்பாளர்களின் படிவங்களில், என்சி அல்லது என்சி-என்டி தேர்ந்தெடுத்தால் வணிக உரிமை உங்களிடம் நிற்பதில்லை, பதிப்பாளருக்கே தனியுரிமையாக (எக்ஸ்க்ளூசிவ், அதாவது அவருக்கு மட்டும் என்று) போய்விடுகிறது. அதாவது நீங்கள் கட்டணமும் கட்டி, அவர் மட்டும் சம்பாதிக்கும் உரிமையையும் கொடுக்கிறீர்கள். படிவத்தில் "தனியுரிமை" என்ற பொருளில் வரும் வரியைத் தேடிப் படியுங்கள்.

அறிவியல், மருத்துவம், சமூக அறிவியல் கட்டுரைகளுக்கு நான் சிசி பையையே சொல்வேன். நம்மிடமிருந்து எடுத்ததை மற்றவர் பூட்டி வைக்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்குச் சிசி பை-எஸ்ஏ நல்லது, ஆனால் பல ஆய்விதழ்கள் அதைத் தருவதே இல்லை. தரவுத் தொகுப்புகளுக்கு, பெயர் சொல்லும் நிபந்தனைகூட இல்லாத சிசி ஜீரோ. நூறு தரவுகளைக் கலக்கும்போது நூறு பேரைக் குறிப்பிடச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது.

இந்தச் சிபாரிசு பொருந்தாத இடமும் உண்டு. களப்பணியில் சேகரித்த ஒப்பாரிப் பாடல்கள், சடங்குப் படங்கள், வாய்மொழி வரலாறு, ஒரு குடும்பத்தின் கைவசம் உள்ள ஓலைச்சுவடியின் படம். இவற்றைத் தந்தவர் ஆராய்ச்சிக்காகத் தந்தார். யார் வேண்டுமானாலும் விளம்பரத்திலும் போட்டுக்கொள்ளட்டும் என்று தரவில்லை. அவர் சார்பில் சிசி பை கொடுக்க உங்களுக்கு அதிகாரமே இல்லை. அதற்காகக் கட்டுரை முழுவதையும் என்சி-என்டியில் அடைக்கவும் வேண்டாம். கட்டுரையின் வாசகம் சிசி பை, இன்னின்ன படங்களும் பாடல் வரிகளும் இந்த உரிமத்தில் அடங்காது என்று படத்தின் கீழேயே குறிப்பிடலாம். அருங்காட்சியகத்திடமும் பிற பதிப்பாளரிடமும் அனுமதி வாங்கிப் போட்ட படங்களுக்கும் இதே முறை. அனுமதி கேட்கும்போதே "திறந்த உரிமத்தில் வரும் கட்டுரை" என்று சொல்லிக் கேளுங்கள். சந்தா இதழுக்கென்று வாங்கிய அனுமதி இதற்குச் செல்லாமல் போகலாம்.

## படிவத்துக்கு முன்னால்

கையெழுத்துப் போடுபவர் ஒருவர்தான், ஆனால் அவர் எல்லோர் சார்பிலும் போடுகிறார். ஆகவே கூட்டாக எழுதியவர்களிடம் உரிமத்தையும் பேசிக்கொள்ளுங்கள், பெயர் வரிசையோடு நிறுத்த வேண்டாம். ஆர்க்கைவில் முன்வரைவை ஏற்றும்போதும் உரிமம் கேட்கும். அங்கே அவசரத்தில் சிசி பை கொடுத்துவிட்டு, பிறகு தனியுரிமை கேட்கும் இதழுக்கு அனுப்பினால் சில இதழ்கள் முகம் சுளிக்கும். எந்த இதழ் என்று முடிவாகாதவரை ஆர்க்கைவின் அடிப்படை உரிமமே (ஆர்க்கைவ் விநியோகிக்க மட்டும் அனுமதிப்பது) போதும்.

இன்னும் ஒன்று கேட்டுப் பார்க்கலாம். "பதிப்புரிமையை மாற்றித் தருவதற்குப் பதிலாக, வெளியிடும் உரிமம் மட்டும் தருகிறேன், அதற்கு உங்களிடம் படிவம் இருக்கிறதா?" என்று இரண்டு வரி மின்னஞ்சல். பல பதிப்பாளர்களிடம் அப்படி ஒரு மாற்றுப் படிவம் உண்டு, கேட்காதவருக்குக் காட்டுவதில்லை. கேட்டதற்காக ஏற்றுக்கொண்ட கட்டுரையைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். உரிமத்திலும் "தனியுரிமை" என்று இருந்தால் பெயர்தான் மாறும், பலன் அதிகம் மாறாது. ஆகவே அந்த வரியை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். முடியாது என்றே பதில் வந்தாலும், ஏற்கப்பட்ட பிரதியைக் களஞ்சியத்தில் வைக்கும் வழி 2 அப்படியே இருக்கிறது.